அரைக்கிலோ பொட்டலமும் செம்பரம்பாக்கமும்

(சைதாப்பேட்டையில் குடியிருப்போர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் வாட்டர் ஃபில்டர் விற்க ஒரு தம்பி வீட்டுக்கு வந்தார். சட்டைப்பையிலிருந்து பேனா மாதிரி ஒரு மீட்டரை எடுத்துக் குழாய்த் தண்ணீரில் முக்கினார். "சார், டிடிஎஸ் 700!" கேன் தண்ணீரில் முக்கினார், 80. "பாத்தீங்களா?" என்றார். பார்த்தேன். அந்த மீட்டருக்குத் தெரிந்ததெல்லாம் கரைந்த உப்பு. நான் இன்று பேச வந்த சரக்கு வேறு: தண்ணீரில் கலக்கும் ஹார்மோனும், ஹார்மோன் வேஷம் போடும் ரசாயனங்களும். அது அந்த மீட்டரின் எண்ணை ஒரு புள்ளிகூட அசைக்காது.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதனாலேயே, அளவு குறைந்தால் நஞ்சும் சாது என்று நம்பிவிடுகிறோம். ஹார்மோனிடம் இந்தக் கணக்கு செல்லாது. அது உடம்புக்குள் போகும் கடுதாசி. கடுதாசியை எடை போட்டா படிக்கிறோம்?

கனடாவில் ஒரு சிறு ஏரி. 2001 முதல் 2003 வரை, மூன்று கோடையிலும் ஆராய்ச்சியாளர்கள் அதில் கருத்தடை மாத்திரையில் உள்ள செயற்கை ஈஸ்ட்ரோஜனை, அதாவது பெண் ஹார்மோனை, வேண்டுமென்றே கலந்தார்கள். லிட்டருக்கு ஐந்தாறு நானோகிராம்தான் (ஒரு கிராமை நூறு கோடியாகப் பிரித்தால் ஒரு பங்குதான் நானோகிராம்). ஆண் மீன்களின் உடம்பில் முட்டைக்கருவுக்கான புரதம் ஊறத் தொடங்கியது. அங்கிருந்த கெண்டை இனத்துப் பொடிமீன் கிட்டத்தட்ட அற்றே போனது. மீன் செத்து மிதந்ததால் அல்ல. குஞ்சு வரத்து நின்றுபோனது.

ஐந்து நானோகிராம் என்றால் எவ்வளவு? நம் சென்னைக்குக் குடிநீர் தரும் செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பினால் 3,645 மில்லியன் கன அடி, லிட்டரில் சுமார் 10,300 கோடி. அத்தனை தண்ணீரையும் அந்த நிலைக்குக் கொண்டுவர அரைக்கிலோ போதும். துவரம்பருப்புப் பொட்டலம் அளவு! நம்பாமல் பேத்தியை விட்டு மறுபடி போடச் சொன்னேன். அதே விடைதான்.

கோயம்பேடு, கொடுங்கையூர், நெசப்பாக்கம், பெருங்குடியில் கழிவுநீர் சுத்திகரிப்பு இருக்கிறதே என்பீர்கள். அவை மலக்கழிவுக்கும் நாற்றத்துக்கும் கட்டியவை. வேலை முடிந்த ஹார்மோனை நம் உடம்பு, மறுபடி வேலை செய்யாதபடி வேறொரு பொருளோடு கட்டிப்போட்டுத்தான் சிறுநீரில் அனுப்புகிறது. சாக்கடை பாக்டீரியா அந்தக் கட்டை அவிழ்த்துவிடுகிறது. துணி ஆலைகளில் அழுக்கெடுக்கப் போடும் ஒருவகை ரசாயனத்தின் வாலையும் அதே பாக்டீரியாதான் கடித்துத் துண்டிக்கிறது. மிச்சம் நோனைல்ஃபீனால், ஈஸ்ட்ரோஜன் வேஷம் கட்டுவதில் கெட்டிக்காரன். ஐரோப்பாவில் 2003இலேயே இதற்குக் கடிவாளம் போட்டுவிட்டார்கள்.

காலையில் பேப்பரைப் பிரித்தால் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் எத்தனை அடி என்று கட்டம் போட்டிருக்கும். மழைக்காலத்தில் நான் முதலில் பார்ப்பதே அதைத்தான். அடியை அளப்பவர்கள் வருஷத்துக்கு நாலு தரம் இந்தப் பொருள்களையும் அளந்து பக்கத்திலேயே போடட்டும். நானோகிராம் அளக்கும் கருவிக்கு வெளிநாடு போக வேண்டாம், கிண்டியில் உள்ள ஆய்வகங்கள் வரை போனால் போதும்.

கடைசியில் அந்தத் தம்பியிடம் ஃபில்டர் வாங்கினேன், மறைப்பானேன். அது ஆர்.ஓ., மெல்லிய சவ்வில் தண்ணீரை வடிப்பது. இவற்றில் பெரும்பகுதியைப் பிடித்து நிறுத்தும். பிடித்ததை வெளியே தள்ளும் டியூப் எங்கள் வீட்டு சிங்க்கில் விழுகிறது. சிங்க் சாக்கடையில், சாக்கடை நெசப்பாக்கத்தில், நெசப்பாக்கம் அடையாற்றில்.