'டேர்' ஆல்பத்தோட பேஸ் ஏன் அவ்வளவு இறுக்கமா இருக்கு?

அடுத்த கேள்வி. பிரிட்டிஷ் பாப் இசைக்குழு ஹ்யூமன் லீகோட 'டேர்' ஆல்பத்துல வர்ற மாதிரி சிந்த் பேஸ் (சிந்தசைசர்ல வாசிக்கிற கீழ்ச்சுர வரி) போட்டுப் பார்க்கிறேன், குவாண்டைஸ் (சுரங்களைத் தாளக் கட்டத்துல சரியா உட்கார வைக்கிற வசதி) முழுசா வெச்சும் கொழகொழன்னு இருக்கு, எங்க தப்புன்னு கேட்டிருக்கீங்க.

தப்பு குவாண்டைஸ்ல இல்லைங்க. சுரம் எப்போ தொடங்கணும்ங்கிறதை அது சரி பண்ணிடும். எப்போ முடியணும்? அங்கதான் கோட்டை விடுறோம்.

1981-ல தயாரிப்பாளர் மார்ட்டின் ரஷன்ட் இதுக்கு ரோலண்ட் எம்சி-8 சீக்வென்சரை, அதாவது சுரங்களை நினைவுல வெச்சு வரிசையா சிந்தை வாசிக்க வைக்கிற கருவியைப் பயன்படுத்தினார். இசைக் கருவிகளை ஒண்ணோட ஒண்ணு பேச வைக்கிற மிடி வந்ததே 1983-லதான். எம்சி-8-ல கீபோர்டு கட்டையே கிடையாது, கால்குலேட்டர் மாதிரி நம்பர் பட்டன்தான். ஒவ்வொரு சுரத்துக்கும் மூணு எண் தட்டணும். எந்தச் சுரம், அடுத்தது வர எவ்வளவு நேரம், அது ஸ்டெப், இந்தச் சுரம் எவ்வளவு நேரம் ஒலிக்கணும், அது கேட். ஒரு பீட்டை 48 பங்கா வெச்சுக்கோங்க, அரை பீட் 24. ஸ்டெப் 24, கேட் 12-ன்னு போட்டா பாதி நேரம் ஒலி, பாதி நேரம் மௌனம். கேட்டையும் 24-ன்னு போட்டீங்கன்னா கேட் மூடவே மூடாது, என்வலப் (சுரத்தோட ஒலி எப்படி எழும்பி அடங்கணும்ங்கிற அமைப்பு) புதுசா தொடங்காது, அடுத்த சுரத்தோட அந்த 'டக்' காணாமப் போயிடும். உங்க பேஸுக்கு நடக்கிறது இதேதான்.

அதனால நோட் நீளத்தைப் பாதியாக் குறைங்க. சிந்தை மோனோவுல (ஒரு நேரத்துல ஒரே சுரம்) வெச்சு லெகாட்டோவை (சுரங்களை விடாம இணைக்கிறது) அணைச்சிடுங்க. நிறைய பேர் இதோட நிறுத்திடுறாங்க, சுரம் விட்ட பிறகு ஒலி எவ்வளவு நேரம் இழுக்கணும்னு வைக்கிற ரிலீஸ் குமிழை மறந்துடுறாங்க. ரிலீஸ் நீளமா இருந்தா நீங்க வெட்டின இடைவெளியை அதுவே நிரப்பிடும். கிட்டத்தட்ட பூஜ்யத்துக்குக் கொண்டு வாங்க. பேஸ்ல ரிவெர்ப் (அறை எதிரொலி) வேண்டவே வேண்டாம்.

ட்ரம்ஸுக்கும் இதுல பங்கு இருக்கு. அந்த ஆல்பத்துல வாசிக்கிறது லின் எல்எம்-1 ட்ரம் மெஷின். நிஜ ட்ரம் ஒலியைச் சிப்புல பதிஞ்சு வந்த முதல் மெஷின், 1980-ல வந்தது. அன்னைக்கு மெமரி விலை எக்கச்சக்கம், அதனால ஹை-ஹேட் உண்டு, நீளமா ஒலிக்கிற க்ராஷ், ரைடு சிம்பல் கிடையாது. பேஸ் விட்ட இடைவெளி மேல எதுவும் படியாம ஸ்னேர் பளிச்சுனு விழும். நீங்க ஒவ்வொரு நாலு பாருக்கும் (தாளச் சுற்றுக்கும்) ஒரு க்ராஷ் போட்டா அந்தத் தெளிவு போச்சு.

இடைவெளியை மட்டும் காதுல பிடிக்கணும்னா 1982-ல வந்த 'லவ் அண்ட் டான்சிங்' கேளுங்க. 'டேர்' ஆல்பத்தோட டேப்புகளையே வெச்சு ரஷன்ட் பண்ணின ரீமிக்ஸ், பெரும்பாலும் குரலே இருக்காது.