கிருமி எது என்று தெரியாமல் ஐந்து மருந்து எதற்கு? – மூளைக்காய்ச்சல் பற்றிய கேள்விக்குப் பதில்

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று என்னை விடவே இல்லை. அதனால் வரிசையில் காத்திருக்கிற மற்றவற்றைத் தள்ளிவைத்துவிட்டு இதை முதலில் எடுக்கிறேன்.

போளூர் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அப்பாவுக்கு அறுபது வயது. ஒரு வாரமாகக் காய்ச்சல், கூடவே தலைவலி, வாந்தி. அப்புறம் ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்ற ஆரம்பித்துவிட்டார். இப்போது ஐசியூவில், வென்டிலேட்டரில் இருக்கிறார். "மூளைக்காய்ச்சல் என்கிறார்கள். என்ன கிருமி என்று கேட்டால் இன்னும் தெரியவில்லை என்கிறார்கள். ஆனால் ஐந்து மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது. தெரியாமலே எதற்கு இத்தனை? முதுகில் நீர் எடுக்கக் கையெழுத்தும் கேட்கிறார்கள், சித்தப்பா கூடவே கூடாது என்கிறார்." இதுதான் கேள்வி.

அம்மா, நீங்கள் கேட்டது சரியான கேள்வி. ஐசியூ வாசலில் உட்கார்ந்திருக்கிற யாருக்கும் இந்தச் சந்தேகம் வரும். உங்கள் அப்பாவை நான் பார்க்கவில்லை, அதனால் அவருக்கு இதுதான் நோய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஐந்து மருந்தும் ஏன் ஓடுகின்றன என்று சொல்ல முடியும்.

மூளைக்காய்ச்சலில் ஒரு வகை, மூளையைச் சுற்றியுள்ள உறையைப் பாக்டீரியா தாக்குவது. அதில் கல்ச்சர், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனையின் முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். நோய் அத்தனை நாள் தராது. அதனால் ரத்தத்தைக் கல்ச்சருக்கு எடுத்துவிட்டு முதல் ஒரு மணி நேரத்துக்குள் மருந்தைத் தொடங்கிவிடுவோம். கேட்பதற்குக் குருட்டடி மாதிரி இருக்கும், ஆனால் இதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஆளைக் கொல்லக்கூடியவை எவை, அவற்றில் மருந்துக்குக் கட்டுப்படுபவை எவை என்று பார்க்கிறோம். அந்த இரண்டிலும் வருகிற ஒவ்வொன்றுக்கும் ஒரு மருந்து. பாக்டீரியாவுக்கு செஃப்ட்ரியாக்சோன் 2 கிராம், 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை. சாதாரணக் காய்ச்சலுக்குப் போடுவதைவிட இது அதிகம், ஏனென்றால் ரத்தத்தில் ஓடுகிற மருந்தில் சிறு பங்குதான் மூளைக்குள் போய்ச் சேரும். அதற்குக் கட்டுப்படாத நியூமோகாக்கஸ் என்ற பாக்டீரியா இருந்தால் என்ன செய்வது? அதற்கு வேன்கோமைசின். வயது ஐம்பதைத் தாண்டியவர் என்பதால் லிஸ்டீரியா என்ற இன்னொரு பாக்டீரியாவுக்கு ஆம்பிசிலின். ஹெர்ப்பிஸ் வைரஸுக்கு அசைக்ளோவிர், அறுபது கிலோ எடை இருந்தால் 600 மில்லிகிராம், எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. ஹெர்ப்பிஸ் மூளைக்குள் போய்விட்டால், மருந்து இல்லாத காலத்தில் பத்துப் பேரில் ஏழு பேர் இறந்தார்கள். ஐந்தாவது டாக்சிசைக்ளின். அதைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் ஊர்ப் பக்கத்துக்கு அது மிகவும் முக்கியம்.

இவற்றோடு டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் போட்டிருக்கலாம். ஐரோப்பாவில் 301 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2002இல் வெளிவந்தது. ஆன்டிபயாட்டிக்கின் முதல் டோஸுக்குச் சற்று முன்போ கூடவோ இதைக் கொடுத்தபோது, நூற்றுக்கு 15 ஆக இருந்த இறப்பு 7 ஆகக் குறைந்தது. கிருமி செத்து உடையும்போது எழுகிற வீக்கம் மூளையைக் கெடுக்கிறது, அதை அடக்கத்தான் இது.

சரி, டாக்சிசைக்ளினுக்கு வருவோம். வேலூர், திருவண்ணாமலை, சித்தூர் வட்டாரத்தில் மழை முடிந்து குளிர் தொடங்குகிற மாதங்களில், காய்ச்சலோடு நினைவு தப்பி யார் வந்தாலும் ஸ்க்ரப் டைஃபஸ் எங்கள் நினைவுக்கு வந்தாக வேண்டும். புதரிலும் புல்லிலும் இருக்கிற, கண்ணுக்கே தெரியாத ஒரு பூச்சியின் குஞ்சு கடிப்பதால் வருவது. செஃப்ட்ரியாக்சோனை எத்தனை நாள் போட்டாலும் இதற்குக் கேட்காது.

ஆடு மேய்க்கிற ஒரு அம்மா, எட்டு நாள் காய்ச்சலோடு வந்தார். கழுத்து விறைத்திருந்தது, கூப்பிட்டால் முனகல் மட்டும்தான். இதே ஐந்து மருந்தையும் தொடங்கினோம். ராத்திரி டியூட்டி சிஸ்டர் உடம்பு துடைக்கும்போது மார்பகத்தின் அடி மடிப்பில் ஒரு சின்னக் கறுப்புப் பொருக்கைப் பார்த்தார். சுற்றிலும் சிவப்பு, நடுவில் சிகரெட்டால் சுட்டது போல. அது வலிக்காது, அரிக்காது, அதனால் அந்த அம்மாவுக்கே தெரிந்திருக்காது. அக்குள், தொடை இடுக்கு, காதின் பின்புறம், இடுப்புக்கயிறு இறுக்குகிற இடம் என்று தேடினால்தான் அகப்படும். டாக்சிசைக்ளின் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்ததால் ஒரு நிமிடமும் வீணாகவில்லை. இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கி, மகன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மற்ற மருந்துகளை நிறுத்திவிட்டோம்.

நிறுத்திவிட்டோம் என்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். ஏன் இத்தனை மருந்தைத் தொடங்கினீர்கள் என்று கேட்கிறீர்கள். மூன்றாவது நாள் டாக்டரிடம் நீங்கள் கேட்க வேண்டியது, "இதில் எதை நிறுத்தியிருக்கிறீர்கள், இன்னும் எதைத் தொடர்கிறீர்கள், ஏன்?" என்பது. ஒன்றும் தெரியாத நிலையில் எல்லாவற்றையும் தொடங்குவது சரி. ஆனால் எல்லாவற்றையும் மூன்று வாரம் ஓட்டுவது சரியல்ல. அசைக்ளோவிர் சிறுநீரகத்தில் படிகமாகப் படியும், அதனால்தான் ஒரு மணி நேரம் மெதுவாக ஏற்றி, கூடவே சலைனும் கொடுக்கிறோம். வேன்கோமைசினும் சிறுநீரகத்தைப் பாதிக்கும். தேவையில்லாததை எடுத்துவிட வேண்டும். எதை எடுக்கலாம் என்று சொல்வது அந்த முதுகு நீர்தான்!

இப்போது சித்தப்பாவுக்குப் பதில். முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போய்விடும் என்ற பயம் நம் ஊரில் எல்லா வீட்டிலும் இருக்கிறது. தண்டுவடம் முதல் இடுப்பு முள்ளெலும்பு உயரத்திலேயே முடிந்துவிடுகிறது. நாங்கள் ஊசி போடுவது அதற்கும் கீழே, மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் இடையில் அல்லது இன்னும் ஒரு படி கீழே. அங்கே மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கிற அதே நீரும் அதில் மிதக்கிற நரம்பு வேர்களும்தான். சிசேரியனுக்கு மரத்துப்போக ஊசி போடுகிறார்களே, அதே இடம்தான். உங்கள் வீட்டிலேயே யாராவது அந்த ஊசி போட்டுக்கொண்டு, பிள்ளையைப் பெற்று, நடமாடிக்கொண்டிருப்பார்கள். சித்தப்பாவிடம் அவர்களைக் காட்டுங்கள்.

ஆளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முட்டியை நெஞ்சோடு மடக்கிப் பிடித்துக்கொள்வோம். நீர் சொட்டுச் சொட்டாக வந்து குப்பியில் விழும். சாதாரணமாகத் தெளிவாக இருக்கும். கலங்கலாக வந்தால் கண்ணாலேயே சீழ் என்று தெரியும். ஆய்வகத்தில் நியூட்ரோஃபில், லிம்ஃபோசைட் என்று வெள்ளை அணுக்களை வகை பிரித்து எண்ணுவார்கள். சர்க்கரையை, அதே நேரத்தில் எடுத்த ரத்தச் சர்க்கரையோடு ஒப்பிடுவார்கள். சர்க்கரை குறைந்து நியூட்ரோஃபில் ஏறியிருந்தால் பாக்டீரியா. சர்க்கரை சரியாக இருந்து லிம்ஃபோசைட் மட்டும் ஏறியிருந்தால் பெரும்பாலும் வைரஸ். லிம்ஃபோசைட்டும் ஏறி, சர்க்கரையும் குறைந்து, புரதமும் கூடியிருந்தால் டிபியைத் தேட வேண்டும், ஜீன் எக்ஸ்பர்ட் என்ற டிபி பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். ஆன்டிபயாட்டிக் போட்ட பிறகு எடுத்தாலும் இந்த அடையாளங்கள் உடனே மறையாது. நீரில் ஹெர்ப்பிஸ் வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் பரிசோதனை மட்டும் முதல் மூன்று நாளுக்குள் எடுத்தால் இல்லை என்று பொய்யாக வரலாம், சந்தேகம் பலமாக இருந்தால் மறுபடி எடுப்போம்.

டாக்டரே "இன்று வேண்டாம்" என்றால் அதற்கும் காரணம் இருக்கும். ஸ்கேனில் மூளை வீக்கம் அதிகம், பிளேட்லெட் மிகவும் குறைவு, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர், இப்படி. அப்போது காத்திருங்கள், மருந்து மட்டும் நிற்காது.

என் வீடியோக்களைத் தொடர்ந்து பார்க்கிறவர்களுக்கு அடுத்து என்ன சொல்வேன் என்று தெரியும். காய்ச்சலோடு பேச்சு மாறினால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி. விடியட்டும் என்று இருக்காதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள். வலிப்பு பற்றிய வீடியோவில் சொன்னேன், மறுபடியும் சொல்கிறேன். ஆடு மேய்க்கிற அந்த அம்மா பிழைத்ததற்குப் பாதிக் காரணம், மருமகள் "அத்தை பேச்சு சரியில்லை" என்று அன்று ராத்திரியே கிளப்பிக்கொண்டு வந்தது.

எல்லாக் கிருமிக்கும் மருந்து இருக்கிறதா என்றால், இல்லை. ஜப்பானிய மூளைக்காய்ச்சலை இந்தியாவில் முதலில் கண்டது வேலூரில், 1955இல். அதன் வைரஸைக் கொல்ல இன்று வரை மருந்து கிடையாது, தடுப்பூசி உண்டு. அப்படிப்பட்ட நோயில் ஐசியூவின் கவனிப்புதான் சிகிச்சை. தலைப்பக்கத்தை 30 டிகிரி உயர்த்திவைப்பது, வீக்கத்துக்கு மேனிட்டால் அல்லது 3 சதவீத சலைன், சோடியம் இறங்காமல் பார்ப்பது, மூச்சுக்கு வென்டிலேட்டர். கை கால் வெட்டாமலே மூளைக்குள் வலிப்பு ஓடலாம், மருந்து போட்டும் கண் திறக்காதவர்களுக்கு இஇஜி, அதாவது மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் பரிசோதனை எடுப்பது அதற்காகத்தான். உங்கள் அப்பாவுக்கு எடுத்தார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. பாக்டீரியா என்று உறுதியாகிவிட்டால், டிஸ்சார்ஜுக்கு முன்பே காது கேட்கும் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள், குழந்தைகளுக்குக் கட்டாயம். இந்த நோய்க்குப் பிறகு உள்காதில் எலும்பு வளர்ந்து அடைத்துக்கொள்ளலாம். அடைத்த பிறகு, கேட்க உதவும் காக்ளியர் இம்ப்ளான்ட் கருவியை உள்காதில் வைப்பது மிகவும் கடினம். தமிழ்நாட்டில் முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் குழந்தைகளுக்கு அந்த அறுவை சிகிச்சை உண்டு. ஆனால் நேரத்துக்குப் போக வேண்டும். முதுகு நீர் ரிப்போர்ட் வந்ததும் கீழே எழுதுங்கள், அதைப் பார்த்துவிட்டு மிச்சத்தைப் பேசலாம்.