பிளவை மூடிய படம்: ‘பிளேயர் விட்ச் 2’ ஏன் பயமுறுத்தவில்லை?

[காட்சி: திருகோணமலை, சுவாமி மலை. மாலை வெளிச்சம். இராவணன் வெட்டின் விளிம்பு, கீழே கடல்.]

வணக்கம். கோணேசர் கோயிலுக்கு வருகிறவர்கள் இந்த இடத்தில் நின்று ஒருமுறையாவது கீழே எட்டிப் பார்ப்பார்கள். இராவணன் வாளால் வெட்டிய பிளவு என்பது கதை. இராவணனுக்கு இங்கே சிலையும் இருக்கிறது. சிலைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறோம். பிளவைப் பார்க்கும்போதுதான் உள்ளங்கால் கூசுகிறது. இன்று பேசப்போவது, பிளவை மூடிவிட்டு அதன்மேல் சிலை வைத்த ஒரு படத்தைப் பற்றி.

[காட்சி: இருண்ட மரங்கள், ஆடும் கைவிளக்கு வெளிச்சம்.]

முதலில் மூலப் படம். 1999இல் வெளிவந்த ‘த பிளேயர் விட்ச் புரொஜெக்ட்’. டானியல் மைரிக், எடுவார்டோ சான்செஸ் இருவரும் இயக்கியது. மூன்று இளைஞர்கள் ஒரு சூனியக்காரியைப் பற்றி ஆவணப்படம் எடுக்க அமெரிக்காவின் மேரிலாந்துக் காட்டுக்குள் போய்த் தொலைந்துவிடுகிறார்கள். பின்னர் கண்டெடுக்கப்பட்ட அவர்களுடைய ஒளிப்பதிவையே நாம் பார்க்கிறோம் என்பது படத்தின் பாவனை.

படப்பிடிப்பு ஏறத்தாழ எட்டு நாள். கமராவை நடிகர்களே பிடித்தார்கள். அடுத்து எங்கே போவது என்பதைக் காட்ட ஒரு ஜிபிஎஸ் கருவி. என்ன செய்வது என்பதற்கு ஆளுக்கொரு துண்டுக் கடிதம். மற்றவருடைய கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. இரவில் இயக்குநர்கள் கூடாரத்தைப் பிடித்து உலுக்கினார்கள், குழந்தைகளின் குரல்களை ஒலிக்கவிட்டார்கள். நாளாக நாளாகச் சாப்பாட்டையும் குறைத்தார்கள். ஆகவே அந்த மூவரும் ஒருவர்மேல் ஒருவர் எரிந்து விழுவதில் பாதி நடிப்பு, மீதி பசி.

இதில் எனக்கு மிகவும் பிடித்த தகவல் ஒன்று உண்டு. ஓரிடத்தில் மூவரில் ஒருத்தி எதையோ பார்த்து அலறியபடி ஓடுவாள். அங்கே வெள்ளை உடுத்திய ஓர் உருவத்தை நிறுத்தித்தான் வைத்திருந்தார்கள். கமராவைப் பிடித்தவர் அந்தப் பக்கம் திருப்ப மறந்துவிட்டார்! உருவம் பதிவாகவில்லை. படத்தின் மிகப் பெரிய பலம் என்று எல்லோரும் புகழும் அந்தக் ‘காட்டாமை’யில் ஒரு பங்கு மறதிக்குச் சேரவேண்டியது. நல்ல காலம், மறுபடி எடுக்கவில்லை.

உலகெங்கும் ஏறத்தாழ 24 கோடி 80 இலட்சம் டொலர் வசூல். படப்பிடிப்புச் செலவோ சில பத்தாயிரம் டொலர். இப்படி ஒரு கணக்கைப் பார்த்த நிறுவனம் சும்மா இருக்குமா? அடுத்த ஆண்டு ஒக்டோபரிலேயே இரண்டாம் பாகம் திரைக்கு வந்துவிட்டது.

[காட்சி: கறுப்புத் திரையில் எழுத்து: ‘புக் ஒவ் ஷடோஸ்’, 2000.]

இயக்குநர் ஜோ பெர்லிஞ்சர், ஆவணப்படக்காரர். அவருடைய யோசனையை நான் குறை சொல்லமாட்டேன். முதல் படத்தைப் பார்த்து மயங்கியவர்கள் அதே காட்டுக்குச் சுற்றுலா போகிறார்கள். ஓரிரவு என்ன நடந்தது என்று அவர்களுக்கு நினைவில்லை. அவர்களுடைய நினைவு ஒன்று சொல்கிறது, வீடியோ வேறொன்று காட்டுகிறது. பேய் வெளியே இருக்கிறதா, இவர்களுடைய மண்டைக்குள் இருக்கிறதா? கேள்வியாகவே விட்டிருந்தால் போதும்.

நிறுவனம் விடவில்லை. பதின்ம வயதினர் கூட்டமாக வரவேண்டும் என்றால் இரத்தம் வேண்டும் என்று நினைத்தது. படம் முடிந்த பிறகு கொலைக் காட்சிகளைத் தனியாக எடுத்து இடையிடையே செருகினார்கள். இறுதியில் ஒரே மூச்சில் வரவேண்டிய பொலிஸ் விசாரணையைத் துண்டு துண்டாக்கிப் படம் முழுவதும் தூவினார்கள். விளைவு என்ன? யாரோ செத்திருக்கிறார்கள், இவர்கள் பிடிபட்டிருக்கிறார்கள் என்பது நமக்கு முன்னதாகவே தெரிந்துவிடுகிறது. தொடக்கத்தில் பெர்லிஞ்சர் வைத்திருந்தது ஃபிராங்க் சினாட்ராவின் மெல்லிய பாட்டு. அதை எடுத்துவிட்டு மர்லின் மேன்சனின் இரைச்சலைப் போட்டார்கள். ‘புக் ஒவ் ஷடோஸ்’ என்றால் நிழல்களின் புத்தகம்; தலைப்பில் இருக்கும் அந்தப் புத்தகமோ படத்தில் எங்குமே இல்லை.

செலவு ஒன்றரைக் கோடி டொலர். வசூல் அதைப்போல மூன்று மடங்கு. ஆனால் முதல் படத்தின் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

2016இல் மூன்றாவதும் வந்தது. அதில் நீண்ட கைகால்களோடு ஓர் உருவத்தைக் கமராவுக்கு முன்னாலேயே கொண்டுவந்து நிறுத்தினார்கள். அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

[காட்சி: ஒரு வீட்டு முற்றம், மண்ணெண்ணெய் விளக்கு.]

எங்கள் அம்மம்மா மின்சாரம் இல்லாத இரவுகளில் கொள்ளிவாய்ப் பிசாசுக் கதை சொல்வார். பின்வளவில் கிடுகு வேலி இருந்தது. பிசாசு அந்த வேலிவரை வரும், கிடுகு சரசரக்கும். அந்த இடத்தில் விளக்குத் திரியை இறக்கிவிட்டு, நேரமாகிவிட்டது, படுங்கள் என்பார். பிறகு பெரியம்மா மகன் அதே கதையை எங்களுக்குச் சொன்னான். பல், நகம், வாயில் நெருப்பு, வேலியைத் தாண்டிப் பாய்ந்து மூன்று பேரைக் கடித்துக் கொன்றது வரை ஒன்றும் விடவில்லை. நாங்கள் சிரித்தோம். கோபம் வந்து இன்னும் இரண்டு பேரைக் கொன்றான்.

ஒருநாள் அம்மம்மாவிடம் கேட்டேன், வேலிக்கு அந்தப் பக்கம் நின்றது எப்படி இருந்தது என்று. தான் எழும்பிப் போய்ப் பார்க்கவில்லையே என்றார்.

[காட்சி: அதே வளவு, பகல். வேலி இருந்த இடத்தில் சீமெந்து மதில்.]

இப்போது அங்கே மதில் கட்டிவிட்டோம், மின்விளக்கும் போட்டிருக்கிறோம். குப்பை வாளியை மட்டும் நான் பகலிலேயே கொண்டுபோய்க் கொட்டிவிடுகிறேன்.