குளிர் தரையிலிருந்துதான் ஏறுகிறது

நேயர்களுக்கு வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டாயிற்று. கிறிஸ்துமஸ், புத்தாண்டு, படுகர் ஊர்களில் ஹெத்தையம்மன் திருவிழா, அதன் பின்னாலேயே பொங்கல் என்று நம் நீலகிரி மலையில் வீடு நிறைய ஆள் இருக்கும் காலம் இது. உறைபனிக்கும் இதுதான் காலம். நவம்பரில் தொடங்கினால் பிப்ரவரி வரை விடாது. இந்த நாட்களில் நாமும் சுகமாக இருந்து, நம்மைச் சுற்றி இருப்பவர்களையும் குளிரில் விடாமல் பார்த்துக்கொள்வதற்கு என்ன செய்யலாம் என்பதைத்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

முதலில் குளிர் எப்படி வருகிறது என்று பார்ப்போம். வானத்தில் மேகம் இல்லை, காற்றும் இல்லை என்றால், பகலில் வாங்கிய வெப்பத்தையெல்லாம் தரை இரவில் வானத்துக்கே விட்டுவிடுகிறது. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்து, சரிவு வழியாக இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. ஊட்டிப் பக்கம் பள்ளத்தில் இருக்கும் தலைகுந்தாவும் காந்தலும் அவலாஞ்சியும் காலையில் வெள்ளை வெளேரென்று கிடக்க, மேட்டில் இருக்கும் வீட்டு முற்றத்தில் புல் பச்சையாகவே இருப்பது இதனால்தான். வானிலைக் கணக்குக்கான வெப்பமானியை ஏறக்குறைய நாலடி உயரத்தில் வைப்பார்கள். அதில் 3 டிகிரி என்றால், அதே நேரத்தில் புல் மட்டத்தில் பூஜ்யத்துக்கும் கீழே போயிருக்கும். நாளிதழில் வரும் எண், நின்றுகொண்டிருப்பவனின் குளிர். தரையில் படுத்திருப்பவனின் குளிர் அதைவிடக் கடுமையானது.

நாம் கொடுக்கும் உதவி பல நேரம் தவறிப்போவதும் இங்கேதான். மெல்லிய கம்பளி ஒன்றைக் கொடுத்துவிட்டு வருகிறோம். சிமெண்ட் தரையில் படுத்திருப்பவர் அதை மேலே போர்த்திக்கொண்டாலும், முதுகின் சூட்டைக் கீழே தரை இழுத்துக்கொண்டே இருக்கும். உடம்பின் கனத்தில் கம்பளியின் இழைகள் நசுங்கி அதில் காற்று நிற்காததால், அடியில் சுருட்டிக்கொண்டாலும் பெரிய பயன் இல்லை. அடியில் நசுங்காத பொருள் வேண்டும். அட்டைப் பெட்டியைப் பிரித்து மூன்று நான்கு அடுக்கு, அதன் மேல் சாக்கு, அதன் மேல் பாய் போடலாம். ஈரத்தரை என்றால் எல்லாவற்றுக்கும் கீழே ஒரு தார்ப்பாய். இவ்வளவும் இருந்தால் ஒரு சாதாரணக் கம்பளியே இரவைத் தாங்கும். தானம் செய்ய நினைப்பவர்களிடம் என் வேண்டுகோள் இது: பத்துப் பேருக்குக் கம்பளி வாங்கும் பணத்தில் ஆறு பேருக்குக் கம்பளி, கனமான விரிப்பு, இரண்டு ஜோடிக் காலுறை, ஒரு மங்கி குல்லா என்று முழுசாகக் கொடுங்கள். கொடுப்பதை நவம்பர் கடைசியிலேயே கொடுங்கள். புத்தாண்டு இரவுக்காகக் காத்திருந்தால் பனிக்காலத்தில் பாதி போய்விடும். பழைய ஸ்வெட்டர் கொடுத்தால் துவைத்து, நன்றாக வெயிலில் உலர்த்தி, பித்தான் தைத்துக் கொடுங்கள். ஈரவாடை அடிக்கும் கம்பளித்துணி சூடு தராது, வாங்குகிறவர் மனதையும் நோகடிக்கும்.

உலர்த்துவதற்கும் இங்கே நேரம் உண்டு. காலைப் பனி காய்ந்த பிறகு, பத்து மணிக்கு மேல் வெயிலில் போட்டு, மூன்று, மூன்றரைக்குள் எடுத்துவிட வேண்டும். நாலு மணிக்கு மேல் கொடியில் கிடந்தால், காலையில் போனதைவிட அதிக ஈரத்தோடு உள்ளே வரும்.

இப்போது அறைக்குள் வருவோம். மிக முக்கியமான ஒன்றைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லப்போகிறேன். கரி அடுப்பையோ, பார்பிக்யூ அடுப்பையோ, தணல் நிரப்பிய இரும்புச் சட்டியையோ மூடிய அறைக்குள், கூடாரத்துக்குள், காருக்குள் வைத்துக்கொண்டு தூங்கக் கூடாது. இதில் விதிவிலக்கே கிடையாது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் சுற்றுலா வந்தவர்கள் இப்படி உயிரிழந்த செய்திகளை நாம் படித்திருக்கிறோம். "புகை அடங்கிவிட்டது, வெறும் தணல்தானே" என்று நினைத்துத்தான் உள்ளே கொண்டுபோகிறார்கள். புகை இல்லாமல் செக்கச்செவேலென்று கனலும் கரியிலிருந்துதான் கார்பன் மோனாக்சைடு தாராளமாக வருகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, இருமலும் வராது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு, ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக அது ஒட்டிக்கொள்கிறது. முதலில் தலைவலி, பிறகு குமட்டல், தள்ளாட்டம், அசதி. மலை ஏறி வந்த களைப்பு என்று நினைத்துப் படுப்பவர் மறுபடி எழுவதில்லை. ஒரே அறையில் இருக்கும் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலை வலித்தால் சந்தேகப்படுங்கள். கதவைத் திறந்து எல்லோரையும் வெளியே கொண்டுவந்து 108-ஐக் கூப்பிடுங்கள். "மூடிய அறையில் கரி எரிந்தது" என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் ரத்தத்தில் இந்த நச்சு பாதி குறையவே நான்கைந்து மணி நேரம் ஆகும். முகமூடி வைத்து முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் அந்த அளவுக்கு இறங்கும். ஆகவே, தெளிந்துவிட்டார் என்று அறையிலேயே வைத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோவது அவசியம்.

குளியலறையில் மாட்டிய கேஸ் கீசருக்கும் இதே எச்சரிக்கைதான். மேலே இருக்கும் காற்றுப் போக்கியைக் குளிருக்குப் பயந்து அட்டை வைத்து அடைக்காதீர்கள். பழைய பங்களாக்களில் கணப்பு இருக்கிறது. அதற்கென்று புகைபோக்கியும் இருக்கிறது. ஆனால் ஆண்டு முழுக்க மூடிக் கிடந்ததில் பறவை கூடு கட்டியிருக்கும், கரி படிந்து அடைத்திருக்கும். முதல் தடவை மூட்டும் முன் ஒரு காகிதத்தைக் கொளுத்திப் பிடித்துப் பாருங்கள். சுடரும் புகையும் மேல்நோக்கி இழுபட்டால் சரி. புகை அறைப் பக்கம் திரும்பினால் ஆள் வைத்துச் சுத்தம் செய்யும்வரை தீ மூட்ட வேண்டாம்.

மின்சார ஹீட்டர் பாதுகாப்பானது, செருகும் இடம் சரியாக இருந்தால். 2000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர் இழுக்கும். செல்போன் சார்ஜர் மாட்டும் 6 ஆம்பியர் பிளக்கிலோ, மெல்லிய ஒயர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலோ அதைச் செருகினால் முதலில் பிளாஸ்டிக் இளகும் வாடை வரும், பிறகு தீப்பிடிக்கும். பெரிய துளைகள் உள்ள 16 ஆம்பியர் பிளக்கில் மட்டும் மாட்டுங்கள். திரைச்சீலை, ரஜாய், கட்டில் மூன்றிலிருந்தும் மூன்றடி தள்ளி வையுங்கள். ஈரத்துணியை அதன்மேல் காயப்போட வேண்டாம். ஒரு மணி நேரத்துக்கு இரண்டு யூனிட் ஆகும். படுப்பதற்கு முன் அரைமணி ஓடவிட்டு, அறை சூடானதும் நிறுத்திவிட்டுத் தூங்குவதே நல்லது. கதவுக்கும் தரைக்கும் நடுவே உள்ள இடுக்கில் பழைய துணியைச் சுருட்டி வைத்து, மாலை நாலரைக்கே ஜன்னல் திரையை இழுத்துவிட்டால் ஹீட்டருக்குப் பாதி வேலை மிச்சம். மின்சார ஹீட்டர் உள்ள அறைக்குத்தான் இந்த யோசனை. எரிகிற எதுவும் இருக்கும் அறையில் இடுக்கை அடைக்கவே கூடாது.

வெந்நீர்ப் பை ஓர் அருமையான பொருள். கொதிக்கக் கொதிக்க ஊற்றாமல் ஐந்து நிமிடம் ஆறவிட்டு, மூன்றில் இரண்டு பங்கு மட்டும் ஊற்றி, பையைச் சாய்த்துக் காற்றை அழுத்தி வெளியேற்றிவிட்டு மூடியைத் திருகுங்கள். காற்று உள்ளே நின்றால் மேலே படுக்கும்போது தையல் விட்டுப்போகும். ரப்பர் வெடிப்பு விட்டிருக்கிறதா என்று மடக்கிப் பாருங்கள். இரண்டு மூன்று பனிக்காலம் கண்ட பையை மாற்றிவிடலாம். எப்போதும் துண்டில் சுற்றித்தான் கொடுக்க வேண்டும். சர்க்கரை நோயுள்ள பெரியவர்களுக்குப் பாதத்தில் உணர்வு குறைந்திருக்கும். சுடுவது தெரியாமலே கொப்பளித்துவிடும். அவர்களுக்குப் படுக்கையை முதலில் பையால் சூடாக்கி, பையை எடுத்துவிட்டுப் படுக்கவையுங்கள். கைக்குழந்தைக்கு வெந்நீர்ப் பையே வேண்டாம். தாயின் நெஞ்சோடு தோல் படும்படி அணைத்து, மேலே போர்த்துவதைவிட நல்ல சூடு குழந்தைக்கு இல்லை.

வயதானவர்கள் குளிர்காலத்தில் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுவார்கள், ராத்திரி எழுந்திருக்க வேண்டுமே என்ற பயம்தான். மலச்சிக்கலும் மயக்கமும் அதனால் வருகின்றன. கட்டிலுக்குப் பக்கத்தில் செருப்பு, கழிவறை போகும் வழியில் ஒரு சிறு விளக்கு, பகலில் கேட்காமலே கையில் கொடுக்கும் வெந்நீர் இருந்தால் அந்தப் பயம் போய்விடும். அதிகாலை ஐந்தரைக்கு நடைப்பயிற்சி என்று கிளம்பும் அப்பாவைக் கெஞ்சியாவது எட்டு மணிக்கு மேல் போகச் சொல்லுங்கள். குளிரில் ரத்தக் குழாய் சுருங்கி ரத்த அழுத்தம் ஏறும் நேரம் அது.

சமையலறையிலும் மலைக்கென்று கணக்கு உண்டு. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2240 மீட்டரில் இருக்கும் ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு எரித்தாலும் சூடு ஏறாது. திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேகவில்லை என்று கீழேயிருந்து வந்த உறவினர் குழம்பினால் குக்கரை எடுத்துக் கொடுங்கள். அங்கே நான்கு விசில் என்றால் இங்கே ஐந்து. இட்லி மாவுக்கு முப்பது டிகிரி பக்கம் சூடு வேண்டும். மாவுப் பாத்திரத்தைக் கை பொறுக்கும் வெந்நீர் உள்ள அண்டாவுக்குள் இறக்கி, கம்பளி சுற்றி, பதினான்கு மணி நேரம் விடுங்கள். தண்ணீர் கை பொறுக்காத சூடாக இருந்தால் புளிக்கவைக்கும் நுண்ணுயிரே செத்துப்போய் மாவு கல்லாகக் கிடக்கும்.

நான்கு பேருக்குச் சுக்குக் காபி என்றால் 10 கிராம் சுக்கு, ஒரு மேசைக்கரண்டி மல்லி, அரைத் தேக்கரண்டி மிளகு, இரண்டு ஏலக்காய். தட்டி 800 மில்லி தண்ணீரில் போட்டு 600 ஆகும்வரை கொதிக்கவிட்டு, 80 கிராம் கருப்பட்டி சேர்த்து வடிகட்டுங்கள். கூடவே ஒரு ஃபிளாஸ்க்கில் வெந்நீர் ஊற்றி ஐந்து நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டு, அதில் இரண்டு டம்ளர் காபி நிரப்பி வாசல் காவலுக்கு இருப்பவரிடம் கொடுங்கள். முதலில் வெந்நீர் ஊற்றி வைப்பதால் நள்ளிரவு வரை அது குடிக்கும் சூட்டில் இருக்கும். பிராந்தி உடம்பைச் சூடாக்கும் என்று சொல்லி அதை மட்டும் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். மது தோலின் ரத்தக் குழாய்களை விரிப்பதால் கதகதப்பாகத் தோன்றுமே தவிர, உடம்பின் உள்சூடு வேகமாக வெளியே போய்விடும்.

சாலையோரத்தில் படுத்திருப்பவர் நடுங்கிக்கொண்டிருந்தால் அவர் உடம்பு இன்னும் போராடுகிறது என்று அர்த்தம். நடுக்கம் நின்று, பேச்சு குழறி, கேட்டதற்குப் பதில் இல்லை என்றால் அதுதான் பேராபத்து. ஈர உடையை மாற்றி, அடியிலும் மேலும் போர்த்தி, 108-க்குச் சொல்லுங்கள். கை காலைத் தேய்க்கக் கூடாது. நினைவு தெளிவாக இருந்தால் மட்டும் இனிப்பான சூடு பானம்.

இந்த விடுமுறையில் யாரும் கவனிக்காமல் குளிரில் கிடப்பவர்கள் வேன், பேருந்து ஓட்டி வரும் ஓட்டுநர்கள். குடும்பம் அறைக்குள் ரஜாயில் தூங்கும். சாவி வைத்திருப்பவர் வாகன நிறுத்தத்தில், சீட்டைச் சாய்த்துக்கொண்டு, இன்ஜினை ஓடவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கிடப்பார். கார்பன் மோனாக்சைடு அங்கேயும் வரும். தங்கும் விடுதிகள் ஓட்டுநர்களுக்குப் படுக்கை வசதி தர வேண்டும் என்று 2023-ல் தமிழ்நாடு அரசு கட்டட விதிகளைத் திருத்தியது. அறை பதிவு செய்யும்போதே "டிரைவருக்குப் படுக்கை இருக்கிறதா, வெந்நீர் உண்டா" என்று கேட்டுவிடுங்கள். இல்லை என்றால் வேறு விடுதி பாருங்கள். இதைச் சலுகை என்று நினைக்க வேண்டாம். மேட்டுப்பாளையம் இறக்கத்தில் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். இரண்டாம் கியரில் பிரேக் சூடேறாமல் இறக்குவதற்கு முழு இரவு தூங்கிய கண்கள் வேண்டும். அவரைக் கேட்காமல் அதிகாலை நாலு மணிக்குக் கிளம்பலாம் என்று முடிவு செய்யாதீர்கள். தூங்கி எழ ஆறு ஏழு மணி நேரமாவது விடுங்கள். அறையில் அடுக்கியிருக்கும் கூடுதல் கம்பளியில் ஒன்றை வரவேற்பில் கேட்டு அவரிடம் கொடுத்துவிட்டுத் தூங்கப் போங்கள்.

காலையில் வண்டியை எடுக்கும் முன் பானெட்டை இரண்டு தட்டு தட்டுங்கள். இன்ஜின் சூட்டுக்காகப் பூனைகள் உள்ளே ஏறிப் படுத்திருக்கும். தெருநாய்க்குப் பழந்துணி போடுவதைவிட, சாக்குக்குள் வைக்கோல் திணித்துக் காற்று வீசாத பக்கம் திண்ணையோரம் வையுங்கள். துணி பனியில் நனைந்து விறைத்துவிடும். வைக்கோல் ஈரம் தாங்கும், வாரம் ஒருமுறை மாற்றினால் போதும்.

வணக்கம்.