பரிசை விடப் பெட்டி பெரிது

நேயர்களுக்கு வணக்கம். பண்டிகை விடுமுறையில் பல வீடுகளில் நடப்பதுதான். ஆசையாக வாங்கிய பொம்மையை நீட்டினால், ஒன்றரை வயதுக் குழந்தை அதை ஓரமாகத் தள்ளிவிட்டு, சுற்றியிருந்த பளபளப்புக் காகிதத்தைக் கசக்கிக்கொண்டிருக்கும். அலுத்துக்கொள்ளாதீர்கள். சரசரக்கும் ஓசை, மின்னும் ஒளி, விரலுக்கடியில் நொறுங்கும் மடிப்பு: அதற்குப் பொம்மை எங்கே ஈடு? காகிதங்களை ஒரு பெரிய அட்டைப்பெட்டியில் போட்டு, குழந்தையையும் உள்ளே உட்கார வையுங்கள். வாய்க்குள் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

எனக்கு மிகவும் பிடித்தது பனிக்கட்டி விளையாட்டு. முதல்நாள் இரவே ஒரு கிண்ணத்துத் தண்ணீரில், அலங்காரத்துக்கு வாங்கிய உடையாத பெரிய நட்சத்திரம் ஒன்றைப் போட்டு உறைய வைத்துவிடுங்கள். மறுநாள் அதைத் தட்டில் கவிழ்த்து, வெதுவெதுப்பான நீரையும் ஒரு கரண்டியையும் கொடுங்கள். ஊற்ற ஊற்ற நட்சத்திரம் மெல்ல வெளிப்படும். தொட்டதும் கையை இழுத்துக்கொள்ளும் குழந்தை, சிறிது நேரத்தில் மீண்டும் தொடும். முழுக்கட்டியாகவே இருக்கட்டும், சிறு துண்டுகள் தொண்டையில் சிக்கும்.

அடுத்தது மாவு விளையாட்டு. கார்ன்ஃப்ளார் மாவு இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு, பண்டிகைக்கு ஏற்ற உணவு நிறம் ஒரு துளி சேர்த்துக் கலந்து, குழந்தையின் கையில் கொடுங்கள். இறுக்கிப் பிடித்தால் கட்டி, விட்டால் கூழ். அழுத்தும்போது மாவுத்துகள்கள் ஒன்றோடொன்று நெருக்கியடித்து நின்றுவிடுவதுதான் காரணம். மிச்சத்தைக் குப்பையில் போடுங்கள். கழுவுதொட்டியில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும். அந்தப் பாடத்தை நான் அனுபவித்துக் கற்றேன்.

கொஞ்சம் கறாராகவும் பேச வேண்டும். திறந்தால் பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டையும், மினுக்கும் குட்டி விளக்கும் பெரும்பாலும் பொத்தான் பேட்டரியில் ஓடுபவை. அதை விழுங்கினால் உணவுக்குழாயில் சிக்கி, 2 மணி நேரத்துக்குள்ளேயே கடுமையான புண்ணை உண்டாக்கிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்கு ஓடுங்கள். நீரில் ஊதிப் பெருகும் வண்ண மணிகள் பார்க்க அழகு. வயிற்றுக்குள்ளும் அப்படியே பெருகும். சின்னக் குழந்தை இருக்கும் வீட்டுக்குள் அவை வரவே வேண்டாம். தண்ணீர் விளையாட்டு முடிந்ததும் பாத்திரத்தைக் கவிழ்த்துவிடுங்கள். சில அங்குல நீரே ஆபத்து.

இவ்வளவு ஏற்பாடு செய்தும், நான்கே நிமிடத்தில் குழந்தை எழுந்து போய்விடலாம். வற்புறுத்த வேண்டாம். காகிதப் பெட்டியை மட்டும் அங்கேயே விட்டுவையுங்கள். சற்று நேரத்தில் சரசரவென்று ஓசை கேட்கும்.