ஒமாஹாவுக்கு 17 முறை

வணக்கம். வானொலியில் பேச வந்திருக்கிறேன், அதனால் ஒரு சத்தத்திலிருந்தே தொடங்குகிறேன். பித்தளைச் சொம்பைக் கிணற்றடிக் கல்லில் தட்டினால் 'டிங்' என்று வருமே, கிட்டத்தட்ட அந்தச் சத்தம். 1999 பிப்ரவரியில் ஒரு மாலை, நூலகத்திலிருந்து அறைக்கு நடந்து வரும்போது அதைக் கேட்டேன். டிங். உடனே ஓர் ஆரவாரம். சற்று நேரம் கழித்து மறுபடியும் டிங்.

அது பேஸ்பால் மட்டையின் சத்தம். அந்த மட்டையை மரத்தில்தான் செய்வார்கள் என்று நான் நினைத்திருந்தேன். தொழில்முறை ஆட்டத்தில் அப்படித்தான். அமெரிக்கக் கல்லூரிகளிலோ 1974 முதல் உலோக மட்டைக்கு அனுமதி உண்டு. மர மட்டை அடிக்கடி உடையும், கல்லூரிக்குக் கட்டுப்படியாகாது.

நான் இருந்த ஊர் டலஹாசி. ஃபுளோரிடா மாநிலத்தின் தலைநகர் என்று பெயர், ஆனால் மயாமியின் கடற்கரையும் பளபளப்பும் அங்கே கிடையாது. மரங்கள், மேடு பள்ளமான தெருக்கள், அரசு அலுவலகங்கள், ஃபுளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகம், அவ்வளவுதான். வானிலை இயல் படிக்கப் போயிருந்தேன். பருவமழை ஆராய்ச்சியில் உலகப் பெயர் வாங்கிய பேராசிரியர் டி. என். கிருஷ்ணமூர்த்தி அங்கேதான் இருந்தார். அவரால்தான் எனக்கு அந்த ஊரே தெரியும். பேஸ்பால் பற்றி ஒன்றும் தெரியாது.

சரி, சத்தம் வந்த திசையில் போய்ப் பார்ப்போம் என்று போனேன். டிக் ஹவுசர் ஸ்டேடியம். அங்கே 'பி' பிரிவில் உட்காரும் ரசிகர்களுக்கு 'அனிமல்ஸ்' என்று பெயர், அவர்களே வைத்துக்கொண்டது. பேஸ்பால் ஆட்டத்தில் ஒன்பது இன்னிங்ஸ். ஐந்தாவது இன்னிங்ஸில் எல்லோரும் எழுந்து நின்று கனடா நாட்டின் தேசிய கீதத்தைப் பாடினார்கள். இருப்பது ஃபுளோரிடாவில், பாடுவது கனடாவின் கீதம்! ஏன் என்று பக்கத்தில் இருந்த பெரியவரிடம் கேட்டேன். "வழக்கம்" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. நம் ஊர்க் கோயில் திருவிழாவில் கேட்டாலும் இதே பதில்தானே வரும் என்று எனக்குத் தோன்றியது.

அன்று என் கண் போய் நின்றது ஆட்டக்காரர்கள் மேல் இல்லை. ஓரத்தில் 55 வயதுக்காரர் ஒருவர், பையன்களைப் போலவே சீருடை அணிந்து, முதுகில் 11 என்ற எண்ணோடு நின்றிருந்தார். ஆட வந்தவரோ என்று ஒரு கணம் குழம்பிவிட்டேன். மற்ற விளையாட்டுகளில் கோச் என்றால் கோட்டு போட்டிருப்பார், இல்லையென்றால் டி-ஷர்ட். பேஸ்பாலில் மட்டும் கோச்சும் ஆட்டக்காரரின் உடுப்பில் எண்ணோடு நிற்பார். இவரை எல்லோரும் அந்த எண்ணை வைத்தே 'இலெவன்' என்று கூப்பிட்டார்கள். பெயர் மைக் மார்ட்டின்.

1944இல் வட கரோலினாவின் ஷார்லட்டில் பிறந்தவர். ஃபுளோரிடா ஸ்டேட்டிலேயே படித்து, அதே அணியில் ஆடி, 1965இல் ஆட்டக்காரராக ஒமாஹா போனவர். அப்புறம் சிறிய தொழில்முறை அணிகளில் சில வருடம். மேலே போக முடியவில்லை. திரும்பி வந்து உள்ளூரில் கூடைப்பந்துக்குப் பயிற்சி தந்தார், 1975இல் பழைய கல்லூரிக்குத் துணைப் பயிற்சியாளராக வந்தார். 1979இல் தலைமைப் பயிற்சியாளராக இருந்த டிக் ஹவுசர் ஒரே ஒரு பருவம் நடத்திவிட்டு நியூயார்க் யாங்கீஸ் என்ற தொழில்முறை அணியின் மேனேஜராகப் போய்விட்டார். காலியான இடத்தில் மார்ட்டினை உட்கார வைத்தார்கள். 1980இல் உட்கார்ந்தவர் 2019இல்தான் எழுந்தார். 40 பருவங்கள். ஸ்டேடியத்துக்கு ஹவுசர் பெயர். அதன் உள்ளே இருக்கும் புல்தரைக்கு 2005இல் மார்ட்டின் பெயரை வைத்தார்கள். இந்தப் பங்கீடு எனக்குப் பிடித்திருக்கிறது.

ஒமாஹா என்றேன், அது என்ன என்று சொல்ல வேண்டும். நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒரு நகரம். 1950 முதல் கல்லூரி பேஸ்பாலின் இறுதிச் சுற்று அங்கேதான் நடக்கிறது. நாடு முழுக்க ஏறக்குறைய 300 பெரிய கல்லூரி அணிகள். அவற்றில் 64 அணிகள் ஜூன் மாதப் போட்டிக்குத் தேர்வாகும். அதிலிருந்து வடிகட்டி எட்டு அணிகள் ஒமாஹா போகும். எட்டில் ஒன்று கோப்பையைத் தூக்கும். கல்லூரிப் பையன்கள் "சாம்பியன் ஆவோம்" என்று சொல்லிக்கொள்வது குறைவு, "ஒமாஹா போவோம்" என்பார்கள். நாம் காசிக்குப் போவதைப் பற்றிப் பேசுகிற தொனி அது.

இனி அந்த வேலையைப் பற்றி. மாலையில் பையன்களை ஓடவிட்டு, பந்தைப் போட்டுப் பழக்குவதுதான் கோச் வேலை என்று நினைத்தால் அது பாதிகூட இல்லை. முதல் தலைவலி கணக்கு. மார்ட்டின் காலத்தின் பெரும்பகுதியில் ஒரு பேஸ்பால் அணிக்கு அனுமதிக்கப்பட்ட உதவித்தொகை 11.7. ஆம், பதினொன்றும் பத்தில் ஏழும். அமெரிக்கக் கால்பந்து அணிக்கு 85 முழு உதவித்தொகை கொடுத்துவிட்டு, இவர்களுக்கு இப்படி. அவருடைய கடைசிப் பத்தாண்டில் இருந்த விதிப்படி, அந்த 11.7ஐ 27 பேர் வரை பிரித்துத் தரலாம். பன்னிரண்டு பேருக்குக்கூடப் போதாத சோற்றை 27 இலையில் பரிமாறுகிற கதை. எந்தப் பையனுக்கு எத்தனை கரண்டி என்று கோச்தான் முடிவு செய்ய வேண்டும். அதை அந்தப் பையனின் அப்பா அம்மாவிடம், அவர்கள் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து, முகம் கோணாமல் சொல்லவும் வேண்டும்.

அப்புறம் இன்னொரு சிக்கல். பல மாதம் பின்னாலேயே நடந்து, ஒரு பையனைச் சம்மதிக்க வைத்திருப்பார். கல்லூரி திறப்பதற்குள் தொழில்முறை அணி ஒன்று பெரிய காசோலையோடு வந்து பையனைத் தூக்கிக்கொண்டு போய்விடும். தப்பித் தவறி அவன் கல்லூரிக்கு வந்துவிட்டால், மூன்று வருடம் முடியும்வரை, அல்லது வயது 21 ஆகும்வரை, அவர்கள் தொட முடியாது. ஆக, நன்றாக ஆடுகிறவன் மூன்றாவது வருடத்தோடு கிளம்பிவிடுவான். வருடா வருடம் பானையை முதலிலிருந்து வனைய வேண்டும்.

இந்த நிலைமையில்தான் மார்ட்டினின் கணக்கைப் பார்க்க வேண்டும். 40 பருவங்களிலும் 40 வெற்றிக்குக் குறைந்ததே இல்லை. 40 பருவங்களிலும் அந்த 64 அணிப் போட்டிக்கு, அதற்கு முன்பு அது சிறியதாக இருந்த காலத்திலும், தேர்வாகாமல் போனதே இல்லை. மொத்தம் 2,029 வெற்றி, 736 தோல்வி, 4 சமன். தொழில்முறை பேஸ்பாலில் பத்துக்கு ஆறு ஜெயித்தாலே அது மிகப் பெரிய அணி. இவர் பத்துக்கு ஏழுக்கு மேல், 40 வருடமாக.

ஒமாஹாவுக்குப் போனது 17 முறை. கோப்பை வாங்கியது? ஒரு முறைகூட இல்லை.

நான் போன முதல் பருவத்திலேயே அந்த வலியைப் பார்த்துவிட்டேன். அந்த 1999 அணியில் மார்ஷல் மெக்டூகல் என்று ஒரு பையன். மே 9ஆம் தேதி மேரிலாந்துக்கு எதிராக முதலில் சாதாரணமாக ஒரு அடி, பிறகு தொடர்ந்து ஆறு முறை மட்டை பிடித்து ஆறும் ஹோம் ரன், அதாவது பந்தை மைதானத்துக்கு வெளியே அனுப்பும் அடி. ஏழுக்கு ஏழு. ஒரே ஆட்டத்தில் அவன் அடிகளால் மட்டும் அணிக்கு 16 ரன். கிரிக்கெட்டில் எதை ஒப்பிடுவது என்று தெரியவில்லை, ஆறு பந்தில் ஆறு சிக்ஸர்கூட இதற்குப் பக்கத்தில் வராது; அதுவாவது ஒரே பந்துவீச்சாளரின் ஒரு ஓவர். அப்படிப்பட்ட அணி ஒமாஹாவில் இறுதி ஆட்டம்வரை போனது. எதிரில் மயாமி, அதே மாநிலத்துப் பங்காளி. 6-5 என்று மயாமி ஜெயித்தது. தொடரின் சிறந்த ஆட்டக்காரர் பரிசு மட்டும் தோற்ற அணியின் மெக்டூகலுக்கு. அறையில் ஆறு பேர் தரையில் உட்கார்ந்து தொலைக்காட்சியில் பார்த்தோம். யாரும் எழுந்து அதை அணைக்கவில்லை.

1986இலும் இறுதி ஆட்டம், அரிசோனாவிடம் 10-2. தேரை நான்கு வீதியும் இழுத்து வந்து, நிலைக்குப் பத்தடி முன்னால் அச்சு முறிகிற மாதிரி, இரண்டு தரம்.

ஏன் இப்படி? விதி என்று சொல்லிவிட்டுப் போகலாம், ஆனால் ரசிகர்கள் விடமாட்டார்கள். மார்ட்டினின் ஆட்டமுறையே பொறுமை. பேஸ்பாலில் பிட்சர், அதாவது பந்து வீசுகிறவர், அடிக்கத் தகாத நான்கு பந்துகளைப் போட்டுவிட்டால், மட்டைக்காரர் அடிக்காமலேயே முதல் பேஸுக்கு, அதாவது ரன் எடுக்கச் சுற்றி வர வேண்டிய முனைகளில் முதலாவதுக்கு, நடக்கலாம். கிரிக்கெட்டில் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்தை விட்டால் பாராட்டு மட்டும்தான் கிடைக்கும். இங்கே விட்ட பந்துக்குக் கூலியும் உண்டு. மார்ட்டின் தன் பையன்களை அந்தக் கூலியை வாங்கப் பழக்கினார். நடந்து நடந்தே பேஸ்களை நிரப்புவார்கள், பிட்சர் களைத்துப்போவான், பிறகு ஒரு அடி. பிப்ரவரியிலிருந்து மே வரை இது அற்புதமாக வேலை செய்யும். ஒமாஹாவில் எதிரே நிற்பது நாட்டின் ஆகச் சிறந்த பிட்சர்கள். அவர்கள் இலவசமாக ஒன்றும் தரமாட்டார்கள். இந்தக் குறையை நான் பாதி ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதிக்கு என் பதில், அங்கே இரண்டு ஆட்டம் தோற்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஒரு வாரத்தில் இரண்டு மோசமான மாலைகள் யாருக்கும் வரும்.

இவருக்கு நேர் எதிரில் வைக்க வேண்டியவர் ஆகி கரிடோ. கலிபோர்னியாவின் ஃபுல்லர்டனில் மூன்று, டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் இரண்டு என ஐந்து கோப்பை. மொத்த வெற்றி 1,975, அதுவே சாதனை. கரிடோ 2018 மார்ச்சில் காலமானார். அந்த மே மாதம் மார்ட்டின் 1,976ஆவது வெற்றியைத் தொட்டார். அந்தக் கணக்கில் முந்தினார், கோப்பைக் கணக்கில் ஐந்துக்குப் பூஜ்யம். யார் பெரியவர் என்று கேட்டால், ஒரு பருவத்துக்கு மட்டும் அணியை ஒப்படைப்பதென்றால் கரிடோவிடம் ஒப்படைப்பேன். என் மகனை மூன்று வருடம் விட்டுவைக்க வேண்டுமென்றால் மார்ட்டினிடம்.

அப்படிச் சொல்ல ஒரு காரணம் பஸ்டர் போசி. ஷார்ட்ஸ்டாப், அதாவது இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவில் நின்று பந்தைத் தடுக்கும் இடத்தில், ஆட வந்த பையன். முதல் வருடம் அந்த இடத்தில் நன்றாகவே ஆடினான். இரண்டாம் வருடம் அவனைக் கேட்சராக, கிரிக்கெட்டின் விக்கெட் கீப்பர் மாதிரி, மாற்றினார்கள். அந்த யோசனை துணைப் பயிற்சியாளராக இருந்த மகன் மைக் மார்ட்டின் ஜூனியருடையது. நன்றாக ஓடுகிற வண்டியை நிறுத்தி எஞ்சினை மாற்றுகிற வேலைதான், பல அப்பாக்கள் மகன் சொல்வதைக் கேட்டிருக்க மாட்டார்கள். போசி அதன் பிறகு சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் என்ற தொழில்முறை அணிக்குப் போய், 2010, 2012, 2014 என மூன்று உலகத் தொடர்களை ஜெயித்த அணிகளின் கேட்சராக நின்றார். கல்லூரியில் கடைசி வருடம், 2008 மே மாதத்தில் ஒரே ஆட்டத்தில் ஒன்பது இடங்களிலும் அவரை ஆடவிட்டார் மார்ட்டின். அன்று போசி பேஸ் நிறைய ஆள் இருக்கும்போது ஒரு ஹோம் ரனும் அடித்தார்.

2019, கடைசிப் பருவம். முன்பே அறிவித்துவிட்டார். மார்ச்சில் 2,000ஆவது வெற்றி. கல்லூரி விளையாட்டில் அந்த எண்ணைத் தொட்ட முதல் பேஸ்பால் கோச் அவர்தான். ஆனால் அணி சுமார். 36 வெற்றி, 21 தோல்வியோடு நின்றது. 64இல் இடம் கிடைக்குமா என்பதே சந்தேகம். 39 வருட வழக்கம் கடைசி வருடத்தில் அறுந்துவிடும் போலிருந்தது. கடைசியாக உள்ளே விடப்பட்ட நான்கு அணிகளில் ஒன்றாக நுழைந்தார்கள். ஜார்ஜியாவில் மூன்று ஆட்டம், மூன்றும் வெற்றி. அடுத்து லூசியானா ஸ்டேட்டின் சொந்த மைதானத்தில் முதல் ஆட்டம். அதை ஜெயித்தபோது அந்தப் பருவத்தின் 40ஆவது வெற்றி. மறுநாள் 12 இன்னிங்ஸ்வரை இழுத்து 5-4. பதினேழாவது முறையாக ஒமாஹா.

அப்போது நான் சென்னையில் இருந்தேன். வேளச்சேரி வீட்டில் விடியற்காலையில் கைப்பேசியில் ஸ்கோர் பார்த்தேன். ஆர்கன்சாவை 1-0 என்று ஜெயித்தார்கள், அதுதான் 2,029. அடுத்து மிச்சிகனிடம் 2-0 தோல்வி. அதற்கடுத்து டெக்சாஸ் டெக்கிடம் 4-1. மூன்று ஆட்டத்தில் மொத்தம் இரண்டே ரன். அத்தோடு முடிந்தது.

மகன் மூன்று பருவம் நடத்தினார், சரியாக வரவில்லை. 2022இல் லிங்க் ஜாரட்டைக் கொண்டு வந்தார்கள். தொண்ணூறுகளில் மார்ட்டினிடம் ஷார்ட்ஸ்டாப் ஆடியவர். மார்ட்டின் 2024 பிப்ரவரி 1ஆம் தேதி காலமானார். அந்த ஜூனில் ஜாரட் அணியை ஒமாஹாவுக்குக் கொண்டுபோனார். முதல் ஆட்டம் டென்னசியோடு. மறுபடியும் விடியற்காலை, மறுபடியும் கைப்பேசி. கடைசி இன்னிங்ஸ் தொடங்கும்போது 11-8 என்று முன்னால் இருந்தார்கள். டலஹாசியில் என்னோடு அறையில் இருந்த நண்பர், இப்போது மதுரையில் இருக்கிறார், செய்தி அனுப்பினார்: "இந்தத் தடவை கண்டிப்பா."

12-11 என்று டென்னசி ஜெயித்தது. கோப்பையையும் அவர்களே வாங்கினார்கள். நண்பருக்கு என்ன பதில் போடுவது என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். கடைசியில் "வழக்கம்" என்று மட்டும் அனுப்பினேன்.