ஹூரினை ஏன் வெளிய விட்டான்?

எல்லாருக்கும் வணக்கம். ஃபேன்டஸி கதைகள்ல துரோகம்னு தலைப்பு குடுத்திருந்தாங்க, நான் அதை லேசா திருப்பிக்கிட்டேன். துரோகியைப் பத்தி பேச நிறைய பேர் இருக்காங்க, நான் பேசப்போறது துரோகின்னு சந்தேகப்பட்டு ஒதுக்கப்பட்டவங்களைப் பத்தி, அதுவும் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுதின டோல்கீனோட மிடில் எர்த்ங்கிற கற்பனை உலகத்தை மட்டும் வச்சு. படம் மட்டும் பார்த்தவங்க முழிக்க வேண்டாம், கதையை சொல்லிட்டே வரேன்.

மோர்காத்னு ஒருத்தன், படத்துல வர்ற வில்லன் சௌரோனுக்கே முதலாளி. அவனை எதிர்த்து எல்ஃப்களும் மனுஷங்களும் சேர்ந்து போட்ட பெரிய போர் மொத்தமா தோத்துப்போச்சு. டுர்கோன்ங்கிற எல்ஃப் ராஜா தன்னோட ரகசிய நகரமான கோண்டோலினுக்கு தப்பிச்சுப் போகணும்னு ஹூரின்ங்கிற மனுஷ வீரனும் அவன் தம்பி ஹுவோரும் செரெக் சதுப்புக்கிட்ட வழியை மறிச்சு நின்னாங்க. தம்பி செத்துட்டான். ஹூரின் கடைசி ஆளா நின்னு கோடாலியை வீசுறான், ஒவ்வொரு வெட்டுக்கும் பகல் மறுபடி வரும்னு கத்துறான், அப்படி 70 தடவை. கடைசியில உயிரோட புடிச்சிட்டாங்க. கோண்டோலின் எங்க இருக்குன்னு மோர்காத் கேட்டான், சொல்லல. 28 வருஷம் கைதியா வச்சு, பெத்த புள்ளைங்க நாசமாப் போறதை மலை மேல உக்கார வச்சு பாக்க வச்சான், அப்பவும் வாயைத் திறக்கல.

அப்புறம் ஒரு நாள் போன்னு விட்டுட்டான்.

சித்திரவதையால முடியாததை இந்த விடுதலை முடிச்சிருச்சு. ஹூரின் சும்மா தனியா நடந்து ஊருக்கு வரல, மோர்காத்தோட ஆங்பாண்ட் கோட்டைத் தளபதிகளும் கறுப்புச் சிப்பாய்களும் ஏதோ பெரிய மனுஷனைக் கொண்டுவந்து விடுற மாதிரி அவன் சொந்த ஊர்ப்பக்கமான ஹித்லும்ல கொண்டுவந்து விட்டாங்க. ஊர் என்ன நினைக்கும்? மோர்காத் ஆளுங்களா அங்க ஆக்கிரமிச்சு உக்காந்திருந்த கிழக்கத்தி ஆளுங்க இவனைத் தொடல, மேலிடத்துக்கு வேண்டியவன்னு நினைச்சாங்க. மிச்சம் இருந்த இவனோட சொந்த சனமும் அதையேதான் நினைச்சு மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு. நம்மூர்ல எட்டப்பன்னு ஒரு பேரை வச்சிட்டா அப்புறம் விசாரணையே கிடையாதுல்ல, அதே கதி.

சரி டுர்கோனாவது நம்புவான்னு கோண்டோலினை மறைச்சிருக்கிற மலையோட அடிவாரத்துக்குப் போறான். கழுகு ராஜா தோரோண்டோர் பார்த்துட்டுப் போய் சொல்லுது, ஹூரின் வந்து நிக்கிறான்னு. டுர்கோன் என்ன சொல்றான் தெரியுமா, அப்படின்னா அவன் மோர்காத்துக்கு பணிஞ்சிருக்கணும், என் மனசு மூடிக்கிச்சுன்னுட்டான். யாரோட உயிரைக் காப்பாத்த ஹூரின் சதுப்புல நின்னானோ அந்த ஆள்! அப்புறம் ரொம்ப நேரம் யோசிச்சு மனசு மாறி கழுகுகளை அனுப்புறான், ஆனா அதுக்குள்ள ஹூரின் வெறுத்துப்போய் அந்த வெறும் பாறைகளைப் பார்த்து டுர்கோன் பேரைச் சொல்லி கதறிட்டான், மோர்காத்தோட உளவாளிங்க அதைக் கேட்டுட்டானுங்க, 28 வருஷம் கிடைக்காத தகவல், நகரம் எந்தப் பக்கம்ங்கிறது, ஓசியில கிடைச்சிருச்சு.

டுர்கோனை முட்டாள்னு சொல்லிட்டுப் போக முடியாது. மோர்காத் நிஜமாவே சில கைதிகளோட புத்தியைக் கட்டிப்போட்டு வெளிய அனுப்பிட்டு இருந்தான், அதனால உண்மையிலேயே தப்பிச்சு வந்தவங்களுக்கும் சொந்த ஊர்ல வரவேற்பு இல்ல, காட்டுல அனாதையா திரிஞ்சாங்க. சந்தேகத்துக்கு காரணம் இருந்துச்சு. என் வாதம் என்னன்னா அந்தக் காரணத்தை உண்டாக்குனதே ஆக்கிரமிச்சவன், பத்து பேரை விலைக்கு வாங்கிட்டா மிச்ச ஆயிரம் பேரை நாமளே அவனுக்காக ஒதுக்கி வச்சிடுவோம், அவனுக்கு செலவு மிச்சம்.

இதே ஹித்லும் பக்கம் ஏரின்னு ஒரு பொம்பளை. ஹூரினுக்கு சொந்தக்காரி, பிராடாங்கிற கிழக்கத்தி தலைவன் இவளை வலுக்கட்டாயமா பொண்டாட்டியாக்கிக்கிட்டான். வெளிய இருந்து பார்த்தா எதிரி வீட்டு அம்மா, அவன் சோத்தை சாப்பிடுறா. ஆனா ஹூரின் பொண்டாட்டி மோர்வென் பட்டினி கிடந்தப்ப ரகசியமா சாப்பாடு அனுப்புனது இவதான், அதுக்கு அடியும் வாங்கியிருக்கா. ஹூரின் மகன் டூரின் வருஷக்கணக்கா வெளியூர்ல இருந்துட்டு திரும்பி வரான், ஹீரோ, பிராடாவைக் கொன்னுட்டு இவளைப் பார்த்து கோழை மனசுங்கிற மாதிரி பேசுறான். எனக்கு டூரினைப் பிடிக்காமப் போனது இந்த இடத்துலதான். அவன் பாட்டுக்கு கிளம்பிடுவான், அங்க இருக்கப்போறது யாரு? அவங்க பனியில தப்பிச்சுப் போறப்ப திரும்பிப் பார்த்தா தூரத்துல தீ, ஏரின் தன்னையும் சேர்த்து அந்த மாளிகையைக் கொளுத்திட்டா. கூட வந்தவன் ஒருத்தன் டூரின்கிட்ட மூஞ்சிக்கு நேரா சொல்றான், பொறுமையா இருக்கிறவங்களை ஆயுதம் தூக்குறவங்க தப்பாதான் புரிஞ்சுக்குவாங்க, அவ எங்களுக்கு எவ்வளவோ பண்ணியிருக்கா, அதுக்கு பெரிய விலையும் குடுத்திருக்கான்னு.

இப்ப 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' கதையில ஹாபிட்ங்கிற குள்ள ஜனங்களோட ஊரான ஷயருக்கு வரேன், படத்துல மொத்தமா வெட்டித் தள்ளுன பகுதி. ஃப்ரோடோ, சாம்ங்கிற ஹாபிட்கள் எல்லாம் சௌரோனை எதிர்த்த போரை முடிச்சுட்டு வந்தா ஊரை வெளியூர் ரௌடிங்க புடிச்சு வச்சிருக்கானுங்க. உள்ளூர் ஷிரிஃப், அதாவது நம்ம ஊர்க்காவல் மாதிரி, முன்னாடி மொத்தமே 12 பேர், இப்ப நூத்துக்கணக்குல. அதுல ராபின் சாமுக்குத் தெரிஞ்சவன். ஏழு வருஷம் முன்னாடி சேர்ந்தானாம், ஊர் சுத்தலாம், நாலு பேரைப் பாக்கலாம், நல்ல பீர் எங்க கிடைக்கும்னு தெரிஞ்சுக்கலாம்னு. புடிக்கலைன்னா விட்டுட்டு வந்துருன்னு சாம் சொல்றான், விட அனுமதி இல்லங்கிறான் ராபின். எங்கள்ல சிலருக்கு அடுத்தவன் விஷயத்துல மூக்கை நுழைக்கிறது புடிச்சிருக்கு, ஒரு சிலர் உளவே பாக்குறாங்கன்னும் அவனே ஒத்துக்கிறான். ஒரே ஷிரிஃப் தொப்பி, உள்ள மூணு வகை ஆளு! டெட் சேண்டிமேன்ங்கிற உள்ளூர் ஹாபிட் தொப்பியே போடல, ஆனா ரௌடிங்க பக்கம் நின்னுக்கிட்டு சாமைக் கிண்டல் பண்றான். என்னைக் கேட்டா நிஜமா அந்தப் பக்கம் போனவன் அவன்தான்.

சண்டைக்கு முன்னாடி ஃப்ரோடோ போடுற கண்டிஷன், எந்த ஹாபிட்டையும் கொல்லக்கூடாது, எதிர்ப்பக்கம் போயிட்டாலும் சரி. அதோட நிக்காம பிரிச்சும் சொல்றான், பயந்து உத்தரவுக்கு கீழ்ப்படிஞ்சவனை நான் அந்தக் கணக்குலயே சேர்க்கல, நிஜமா போனவனைத்தான் சொல்றேன்னு. பைவாட்டர் சண்டையில ஹாபிட்கள் 19 பேர் செத்தாங்க, ரௌடிங்க கிட்டத்தட்ட 70 பேர். அவ்வளவு ரத்தம் பார்த்த ஊர்ல பழிவாங்க ஆள் தேடுவாங்க, தொப்பி போட்டவன் கையிலயே கிடைப்பான். ஃப்ரோடோ தற்காலிக மேயரா உக்காந்து செஞ்ச ஒரே வேலை, ஷிரிஃப்களை பழைய எண்ணிக்கைக்கும் பழைய வேலைக்கும் குறைச்சதுதான். மிச்சப் பேர் தொப்பியைக் கழட்டிட்டு வீட்டுக்குப் போனாங்க.